மடக்கித் தரணம்

அந்தக் கத்தி மடங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் பகுதியில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அந்தச் சத்தத்துக்கு இருந்த மரியாதை எந்த அலாரத்துக்கும் இருந்ததில்லை. வார்டன் ஆன்ட்டி பீன்ஸ் நறுக்கி முடித்துவிட்டார், இனி எழுந்து வராந்தாவில் ஒரு சுற்று வருவார், வாளியில் துணியை ஊறப்போட்டுவிட்டுத் தூங்குகிறவள் எவள் என்று கேட்பார் என்று அதற்கு அர்த்தம். 'டக்' கேட்டதும் மூன்றாவது மாடி வரைக்கும் ஆளில்லாத அறைகளின் ஃபேன்கள் அணையும். குளியலறை வாசலில் காத்து நின்று சண்டை போடுகிறவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஐ.டி. கம்பெனிகளில் பத்துப் பேரை மேய்க்கிற டீம் லீடர்கள் எல்லாம் அந்த விடுதியில் இருந்தார்கள். எல்லோரும் அந்தச் சத்தத்துக்குப் பயந்தவர்கள்தான்.

கத்தி மடங்கியிருக்கும்போது நாலு விரல் நீளம் இருக்கும். பிடியின் இரண்டு பக்கமும் ஈட்டி மரம், உள்ளே பித்தளைத் தகடு. அலகை விரிப்பதற்கு நகத்தை வைக்க ஒரு சின்னக் குழி. தீட்டித் தீட்டி அலகு மெலிந்து, நடுவில் லேசாக உள்வாங்கியிருந்தது. பிடியில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. அந்தப் பள்ளம் ஆன்ட்டியின் கட்டைவிரலைவிடப் பெரியது. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. அவர் அதைப் புடவையின் இடுப்பு மடிப்பில் செருகி வைத்திருப்பார். காய் நறுக்குவது, பார்சல் பிரிப்பது, கேஸ் அடுப்பின் அடைப்பைக் குத்தி எடுப்பது, மாங்காய் கீறுவது என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

ஆன்ட்டி விழிஞ்ஞத்துக்காரர். நான் அம்பாசமுத்திரத்துக்காரி. நான் தமிழில் பேசுவேன், அவர் மலையாளத்தில் பேசுவார். இருவருக்கும் முழுக்கப் புரிந்துவிட்டதாகவே இருவரும் நினைத்துக்கொள்வோம். சோறு, கறி, தண்ணீர், சாவி, வாடகை என்று பாதிக்கு மேல் ஒன்றுபோலவே இருக்கும்போது, மீதிக்கு எதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும்? அலுவலகத்தில் பக்கத்து மேஜைகளிலும் திருநெல்வேலி, நாகர்கோவில் ஆட்கள். திருவனந்தபுரத்தில் ஒன்றரை வருஷம் இருந்தும் நான் மலையாளம் படிக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒருமுறை அம்மா சாக்குத்துணி சுற்றித் தைத்து முறுக்கு டின் அனுப்பியிருந்தாள். பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு ஆன்ட்டியிடம் போய் நின்றேன். ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார்.

"மடக்கித் தரணம், கேட்டோ."

விரித்த கத்தியை யாரிடமும் நீட்டக் கூடாது, மடக்கித்தான் தர வேண்டும் என்கிறார், பொறுப்பான பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன். தையலைப் பிரித்தேன், கத்தியைத் துடைத்தேன், மடக்கினேன், உடனே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அதன் பிறகு முப்பது தடவையாவது அந்தக் கத்தியை வாங்கியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம், ஒவ்வொரு தடவையும் மடக்கிக் கொடுத்தேன். விடுதியில் வேறு யாரையும் அவர் அந்தக் கத்தியைத் தொட விட்டதில்லை. வாளி வாங்கியவள் வாளியோடு போவாள், குடை வாங்கியவள் குடையோடு போவாள், இவள் ஒருத்திதான் ஒழுங்கு என்று என்னைக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். பிறர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். எங்கள் தொழிலில் மிக மோசமானது தோற்றுப்போகிற சோதனை இல்லை. தப்பான காரணத்துக்காகத் திரும்பத் திரும்ப வெற்றி பெறுகிற சோதனைதான். முப்பது தடவை சரியாக வந்துவிட்டால் முப்பத்தோராவது தடவை யாரும் பார்க்க மாட்டார்கள்.

முப்பத்தோராவது தடவை வந்தது. நான் விடுதியைக் காலிசெய்து, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஃபிளாட்டுக்குப் போன நாள் அது. அட்டைப்பெட்டிகளைக் கயிற்றால் கட்டினோம். மிஞ்சிய கயிற்றை அறுத்துவிட்டுக் கத்தியை மடக்கி நீட்டினேன். ஆன்ட்டி வாங்கவில்லை. "கையில் வச்சோ. அவிடெப் போயி பெட்டி துறக்கண்டே? மடக்கித் தரணம்" என்றார். போகிற இடத்தில் பெட்டியைத் திறக்க வேண்டாமா, கையில் வைத்துக்கொள் என்கிறார். அதுவரை எனக்குச் சரியாகவே புரிந்தது. மீதிக்கு நானே உரை எழுதினேன். வைத்துக்கொள், உனக்குத்தான், ஆனால் யாரிடம் கொடுத்தாலும் மடக்கித்தான் கொடுக்க வேண்டும். கண்கள் கலங்கிவிட்டன எனக்கு. விடுதியிலேயே யாருக்கும் கிடைக்காத பரிசு! ஆட்டோவில் அந்தக் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஒரு மாதம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டதே "கத்தி?" என்றுதான். நான் பெருமையாக, "பத்திரமா இருக்கு ஆன்ட்டி. மடக்கித்தான் வச்சிருக்கேன்" என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "ம்... ஆயிக்கோட்டே" என்று சொல்லிவிட்டு வந்த பேருந்தில் ஏறிவிட்டார். ஆகட்டும் என்று அர்த்தம். அதை நான் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு மாதத்தில் கல்யாணம், பிறகு சென்னை.

பரிசென்று நினைத்த பொருளையாவது நான் ஒழுங்காக வைத்துக்கொண்டேனா என்றால், அதுவும் இல்லை. புதுப்பெண்ணாகப் போன வீட்டில் எல்லோருக்கும் எடுத்துக் காட்டினேன். ஆறு மாதத்தில் அது சமையலறை இழுப்பறைக்குப் போயிற்று. பால் பாக்கெட், ஊறுகாய் மூடி, பலாச்சுளை எல்லாவற்றையும் அது பார்த்தது. என் கணவர் அதை ஸ்க்ரூ டிரைவராக்கி மிக்ஸியைக் கழற்றி, நுனியை ஒடித்தார். நான் சிரித்தேன். ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது இழுப்பறையும் மூழ்கியது. கரண்டிகளைக் கழுவித் துடைத்து வைத்த எனக்குக் கத்தியைத் துடைக்கத் தோன்றவில்லை. அடுத்து எடுத்தபோது அது இறுகிப் போயிருந்தது. பிடியின் ஒரு பக்கம் விரிசல் விட்டு, ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. ஆன்ட்டி கொடுத்தது, தூக்கிப் போட மனமில்லை என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

பதினோரு வருஷம் கழித்து, போன வருஷம் வேலை மாறித் திரும்பவும் திருவனந்தபுரத்துக்கு வந்தோம். புது அலுவலகத்தில் முதலில் ஒரு பழைய லேப்டாப் தந்தார்கள். பிறகு புதியதைக் கொண்டுவந்து கொடுத்த பையன், பழையதை மடக்கித் தரணம் என்று சொல்லிவிட்டுப் போனான். லேப்டாப்பை மூடி வைக்கத் தெரியாதவளா நான் என்று எனக்கு எரிச்சல். ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் கடுப்பாகவே வந்து நின்றான். மடக்கித் தரச் சொன்னேனே சேச்சி என்றான். மடக்கித்தானே வைத்திருக்கிறேன் என்று மேஜையில் மூடிக் கிடந்ததைக் காட்டினேன். அவன் விழித்தான். நானும் விழித்தேன். பக்கத்து இருக்கைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மலையாளத்தில் 'மடக்கித் தரணம்' என்றால் திருப்பித் தர வேண்டும் என்று அர்த்தமாம். வாங்கியதைத் திரும்பக் கொடு. அவ்வளவுதான்.

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே லேப்டாப்பை எடுத்து அவன் கையில் கொடுக்கும்போது பேருந்து நிறுத்தம் ஞாபகத்துக்கு வந்தது. 'பத்திரமா இருக்கு ஆன்ட்டி. மடக்கித்தான் வச்சிருக்கேன்.' அடிப்பாவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடுதியின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். ஆன்ட்டி ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது, விழிஞ்ஞத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார் என்று இப்போதைய வார்டன் சொன்னார். கத்தி என்று ஆரம்பித்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஓ, அந்தத் தமிழ்க் குட்டியா என்றார். ஆன்ட்டியின் கணவர் விழிஞ்ஞத்தில் வலை பின்னுகிறவராம். இருபது வருஷம் அவர் கையிலிருந்த கத்தியாம். அவர் இறந்த பிறகுதான் ஆன்ட்டி இந்த வேலைக்கு வந்திருக்கிறார். நான் போன பிறகு விடுதியில் ஒரு சட்டம் வந்ததாம். தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஒரு வாளிகூட இரவல் கிடையாது. ஆன்ட்டி இருந்தவரைக்கும் அதை மாற்றவே இல்லையாம். என் ஒருத்தியால் என்னென்ன ஊரிலிருந்தோ வந்த பெண்கள் ஏன் என்று தெரியாமலேயே திருடிகளாக இருந்திருக்கிறார்கள்.

போனை வைத்ததும் டப்பாவை எடுத்துத் திறந்தேன். துருப்பிடித்த ஒரு கட்டை. இதைக் கொண்டுபோய் அவர் கையில் வைக்க முடியுமா? முடியாது. அது திருப்பித் தருவது ஆகாது. அந்தக் கத்தி விரிய வேண்டும், வெட்ட வேண்டும், 'டக்' என்று மடங்க வேண்டும். அன்றைக்கு எப்படி என் கைக்கு வந்ததோ அப்படி அவர் கைக்குப் போக வேண்டும். நான் முடிவு செய்துவிட்டேன். என் பிடிவாதத்தைப் பற்றி அம்பாசமுத்திரத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

முதலில் சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாங்குநேரிப் பக்கத்து அண்ணாச்சி. முப்பது வருஷமாக இங்கேயே கடை என்பதால் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூர்ச்ச போயி என்றார். எங்கள் தமிழில் மூர்ச்சை போனால் ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் அடிபட்டவள் அல்லவா நான். மூர்ச்ச என்றால் என்ன அண்ணாச்சி என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கூர்மையாம். இனி எந்தச் சொல்லையும் எனக்குத் தெரியும் என்று தாண்டிப் போவதில்லை என்று அங்கேயே தீர்மானம். அவர் பழைய அலகை எடுத்துவிட்டுப் புதியது போடலாம், இல்லையென்றால் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் இரண்டு நிமிஷ வேலை என்றார். சக்கரத்தில் கொடுத்தால் மிச்சமிருக்கிற அலகில் பாதி பொறியாகப் பறந்துவிடும். அந்த உள்வாங்கல் ஒருவர் இருபது வருஷம் தீட்டியது.

"இது தேறாது மக்கா. புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போயேன்."

"இது என் கத்தி இல்ல அண்ணாச்சி."

அவர் துரு இளக்கும் எண்ணெய், இரண்டு தினுசு உப்புத்தாள், ஒரு சின்ன அரம், சாணைக்கல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். நீயே செய்யப் போகிறாயா என்று கேட்டார். தெரியாமல் கெடுத்தது நான், தெரிந்துகொண்டு சரிசெய்வதும் நானே என்றேன். அவசரப்படக் கூடாது, எண்ணெய் அதன் பாட்டுக்கு இறங்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

எண்ணெயில் முக்கினால் மரம் கெட்டுவிடும். அலகும் பிடியும் சேரும் ஆணியின் ஓரத்தில் காலையில் இரண்டு சொட்டு, அலுவலகத்திலிருந்து வந்ததும் இரண்டு சொட்டு. நாலு நாளாக ஒன்றும் நடக்கவில்லை. கறுப்பாக மட்டும் கசிந்தது. அதைத் துடைத்துத் துடைத்து விட்டேன். ஐந்தாம் நாள் கணவர் குறடு எடுத்துக்கொண்டு வந்தார், ஒரே இழுப்பு என்று. மிக்ஸி ஞாபகம் இருக்கிறதா என்றேன். அதை வைத்துவிட்டுப் போய்விட்டார். எட்டாம் நாள் நகக்குழியில் விரல் வைத்தபோது ஒரு நெல் முனை அளவு அசைந்தது. வீட்டில் யாரும் இல்லை. நான் பாட்டுக்குக் கை தட்டினேன். மறுநாள் முழுக்க விரிந்தது. உள்ளே சென்னைத் தண்ணீரின் வண்டல், பலாப் பால், எந்தக் காலத்திலோ உள்ளே போய்ச் சிக்கி நைந்த ஒரு நைலான் நூல். அது வலைநூல் என்று எனக்குத் தோன்றியது. பல் குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றிச் சுத்தம் செய்தேன். அந்த நூலை மட்டும் தனியாக எடுத்து ஒரு தாளில் மடித்து வைத்தேன்.

உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, ஒரே திசையில், துருவை மட்டும் எடுத்தேன். சில கரும்புள்ளிகள் போகவில்லை, விட்டுவிட்டேன். ஒடிந்த நுனிக்கு அரம். வெட்டும் பக்கத்தைத் தொடாமல், முதுகுப் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கீழே இறக்கி, முனையை மறுபடி கொண்டுவந்தேன். நாலு மாலைப்பொழுதுகள் ஆயின. பிடியில் பெயர்ந்த சில்லுக்கு, மர வேலை செய்கிற ஒரு பட்டறையில் கேட்டு ஈட்டி மரத் துண்டு ஒன்று வாங்கி, இழைத்து ஒட்டினேன். கட்டைவிரல் பள்ளத்தின் மேல் மட்டும் உப்புத்தாள் படவிடவில்லை. எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி.

எல்லாம் முடிந்தது என்று மடக்கினேன். சத்தமே வரவில்லை. ஆடிக்கொண்டிருந்த ஆணியின் தலையைச் சுத்தியலால் தட்டி இறுக்கியிருந்தேன். ஒரு தட்டு கூடிவிட்டது போலிருக்கிறது. அலகு நோயாளி படுப்பது மாதிரி மெல்லப் போய்ப் படுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்டுகிறது, மடங்குகிறது, இது போதாதா என்றார் கணவர். போதாது. சத்தமில்லாமல் அது ஆன்ட்டியின் கத்தி இல்லை, கத்தி மாதிரி ஒன்று.

மறுபடி எண்ணெய் விட்டேன். விரித்தேன், மடக்கினேன். வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களில் கணினியில் சோதனைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது என் கை இதைச் செய்துகொண்டிருக்கும். கசிகிற கறுப்பைத் துடைப்பேன், மறுபடி விரிப்பேன், மடக்குவேன். கட்டைவிரலில் தோல் உரிந்தது, துணி சுற்றிக்கொண்டேன். அலுவலகக் கூட்டத்தில் மைக்கை அணைக்க மறந்து, அது என்ன சத்தம் என்று ஒருவர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. சத்தம் வந்திருக்கிறது. மறுபடி மடக்கினேன். 'டக்.' கூட்டத்தில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்போது என் குரல் நடுங்கியது. ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞத்துக்குப் போனேன். துறைமுகத்தின் பெரிய பாரந்தூக்கிகள் தெரிகிற ஒரு சரிவில், மாதா குருசடி என்கிற சின்னக் கோயிலுக்குப் பின்னால் வீடு. ஆன்ட்டி வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒடுங்கிப் போயிருந்தார். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. நான் பெயர் சொன்னேன், அடையாளம் தெரியவில்லை. அம்பாசமுத்திரம் என்றேன். முறுக்கு என்றேன். அவர் முகம் இறுகியது. அதைப் பார்த்த பிறகு முன்னுரை எதுவும் எனக்கு வரவில்லை. பையிலிருந்து கத்தியையும் அந்தத் தாள் மடிப்பையும் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். தமிழில் மடக்குவது என்றால் என்ன, நான் என்ன நினைத்தேன், பேருந்து நிறுத்தத்தில் ஏன் அப்படிச் சொன்னேன், சென்னையில் அதை என்ன பாடு படுத்தினேன், எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த உடைந்த மலையாளத்தில் சொன்னேன். உள்ளேயிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தார். ஆன்ட்டி சிரிக்கவில்லை.

"பதினொண்ணு கொல்லம் ஞான் நின்னெ கள்ளி என்னு விளிச்சு" என்றார். பதினோரு வருஷம் உன்னைத் திருடி என்று சொல்லிவிட்டேன் என்கிறார். கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனே ஆன்ட்டி, ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். கேட்டேனே, பேருந்து நிறுத்தத்தில் கேட்டேனே என்றார். கேட்டார்தான்.

தாளைப் பிரித்து நூலை எடுத்து இரு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். தன் ஜெப மாலை இருந்த டப்பாவில் போட்டுக்கொண்டார். கத்தியை விரிக்கப் பார்த்தார், நகம் நிற்கவில்லை. நான் விரித்துக் கொடுத்தேன். அலகின் உள்வாங்கலில் விரலை ஓட்டினார், புது நுனியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கட்டைவிரலைப் பிடியின் பள்ளத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு உள்ளங்கையால் அழுத்தி மடக்கினார். 'டக்.' நான் உட்கார்ந்திருந்த வாசல்படியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். வாளியில் துணி ஊறப்போட்டிருக்கிறேனா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்போதுதான் ஆன்ட்டி சிரித்தார்.

தங்கச்சியிடம் சொல்லி ஒரு மாங்காயும் உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுவரச் செய்தார். தன் விரலுக்கு இனி முடியாது, நீ கீறு என்று கத்தியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கக் கையை நீட்டினேன். கத்தி என் உள்ளங்கையில் இருந்தது, ஆனால் அவர் விரல்கள் இன்னும் அதை விடவில்லை.

"மடக்கித் தரணம், கேட்டோ" என்றார்.

கேட்டேன் ஆன்ட்டி என்றேன். மாங்காயைக் கீறினேன், அலகைத் துடைத்தேன், மடக்கினேன், உடனே அவர் கையில் கொடுத்தேன்.